சர்ஜரி மூன்று மணி நேரம், அதற்கப்புறம்?

வெளிநாட்டில் காஸ்மெட்டிக் சர்ஜரி என்று தேடினால் வரிசையாக வரும் பேக்கேஜ் விளம்பரங்களில் ஒரு அட்டவணை இருக்கும். முதல் நாள் விமான நிலையத்தில் வரவேற்பு, இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை, மூன்றாம் நாள் சர்ஜரி, அப்புறம் ஹோட்டலில் ஓய்வு, ஏழாம் நாளோ எட்டாம் நாளோ திரும்பும் விமானம். எல்லோரும் அந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். டாக்டர் கைராசிக்காரரா, மருத்துவமனை சுத்தமா, வலிக்குமா, தழும்பு தெரியுமா என்று. என்னிடம் யாராவது "போகலாமா?" என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது அட்டவணையின் கடைசி வரியை. திரும்பும் தேதியை முடிவு செய்தது யார், சர்ஜனா, டிக்கெட் போட்டவரா?

ஏன் என்றால், இந்த சர்ஜரிகளில் ஆளைக் கொல்லக்கூடிய பல விஷயங்கள் சர்ஜரி மேஜையில் தெரிவதில்லை. அன்றிரவு தெரியலாம், அடுத்த வாரம் விமானத்தில் தெரியலாம், எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில்கூடத் தெரியலாம். பேக்கேஜ் என்னவோ எட்டாம் நாளே முடிந்துவிடுகிறது.

போகவே கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். வேறு நாட்டுக்குப் போய் அழகு சர்ஜரி செய்துகொள்வது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. ரியோ டி ஜெனிரோவில் இவோ பிட்டாங்கி என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இருந்த காலத்தில், உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அவரிடம் முகத்தைக் கொடுக்க ஆட்கள் போனார்கள். அவரிடம் பயின்ற சர்ஜன்கள் பல நாடுகளில் இருந்தார்கள். தாய்லாந்து, தென் கொரியா, துருக்கி, மெக்சிகோ எங்கும் முதல் தரமான சர்ஜன்கள் இருக்கிறார்கள், உங்கள் ஊரில் இருப்பவரைவிட உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு சர்ஜரியைப் பல மடங்கு அதிகம் செய்தவராகவும் இருக்கலாம். செலவு குறைவு என்பது நியாயமான காரணம். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் செய்துகொள்ள வேண்டும் என்பதும் நியாயமான காரணம்தான், அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அன்று பிட்டாங்கியைத் தேடிப் போனவர்களுக்கு யாரிடம் போகிறோம் என்பது தெரிந்திருந்தது. இன்று பலர் ஒரு பேக்கேஜை வாங்குகிறார்கள், யார் கத்தி வைக்கப் போகிறார் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

எண்களில் தொடங்கலாம். டொமினிக்கன் குடியரசுக்கு அழகு சர்ஜரிக்காகப் போய் இறந்த அமெரிக்கக் குடிமக்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 தொடக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2022 வரை 93 பேர். 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் என்றிருந்தது, 2019 முதல் 13 ஆகிவிட்டது. இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, அந்த நாடு ஆபத்து" என்று பேசுபவர்கள் உண்டு. மொத்தம் எத்தனை பேர் போனார்கள் என்று தெரியாமல் 93 பெரிதா சிறிதா என்று சொல்ல முடியாது. போகிறவர்கள் கூடியதால் இறப்பும் கூடியிருக்கலாம். எனக்கு அந்த அறிக்கையில் முக்கியமாகப் பட்டது வேறு. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது. விவரமாக ஆராய்ந்த இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே காரணங்களால்: ரத்தக் குழாய்க்குள் போன கொழுப்பு நுரையீரலை அடைத்தது, அல்லது காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. பெரும்பாலோருக்கு உடல் பருமன் போன்ற ஆபத்துக் காரணிகள் ஏற்கெனவே இருந்தன. ஒரே மயக்கத்தில் பல சர்ஜரிகளும் செய்திருந்தார்கள்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இவ்வளவு தூரம் வருகிறோம், விடுப்பும் ஒரு முறைதான் கிடைக்கும், மயக்க மருந்தும் ஒரு முறைதான், அதனால் வயிறு, மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பேக்கேஜ் விற்பவரும் அதையே சொல்வார், இரண்டாவது சர்ஜரிக்குத் தள்ளுபடியும் தருவார். மேஜையில் படுத்திருக்கும் நேரம் கூடக் கூட ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும், உடல் வெப்பம் குறையும், ரத்த இழப்பு கூடும். உள்ளூரில் என்றால் ஒரு பொறுப்பான சர்ஜன் "இதை இப்போது செய்வோம், அதை ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவார். பயணம் வந்தவரிடம் அப்படிச் சொன்னால் அந்த இரண்டாவது சர்ஜரி கை விட்டுப் போய்விடும். யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பயணத்தின் கணக்கே இரண்டு பக்கமும் தவறான திசையில் இழுக்கிறது.

கொழுப்பு அடைப்பு என்றதும் பிரேசிலியன் பட் லிஃப்ட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு இடத்தில் கொழுப்பை உறிஞ்சி எடுத்து பிட்டத்தில் ஏற்றுவது. ஊசி தசைக்குள் இறங்கிவிட்டால் அங்கே இருக்கும் பெரிய சிரைகள் கிழிந்து, கொழுப்பு நேராக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடும், அதற்கப்புறம் செய்வதற்கு அதிகம் இல்லை. 2017இல் சர்ஜன்களிடமே எடுத்த ஒரு கணக்கெடுப்பு, 3,000இல் ஒருவர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்டது. உயிர் காக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு சர்ஜரிக்கு அது பயங்கரமான விகிதம். 2018இல் பிரிட்டனின் அழகு சர்ஜன்கள் சங்கம் இதைச் செய்யாதீர்கள் என்றே தன் உறுப்பினர்களிடம் சொன்னது. பிறகு தோலுக்கு அடியில் மட்டும் ஏற்றும் முறைக்கு விதிகள் வகுத்தார்கள். மயாமி இதற்குப் பேர் போன இடம், அங்கே இறப்புகள் அதிகமாகி, 2022இல் ஃபுளோரிடா மாநிலம் ஒரு சர்ஜன் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. மூன்றுக்கு மேல் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அமெரிக்காவிலேயே! ஆக, ஏழை நாடு, பணக்கார நாடு என்று பிரித்துப் பார்ப்பது உதவாது. என் சொந்தக் கருத்து, இந்த ஒன்றுக்காக எந்த நாட்டுக்கும் பயணம் போக வேண்டாம்.

சரி, விமானம். பெரிய சர்ஜரிக்குப் பிறகு பல வாரங்களுக்கு ரத்தம் உறையும் தன்மை கூடுதலாகவே இருக்கும், உடம்பு தன் காயத்தை ஆற்றுகிற வேலையின் ஒரு பகுதி அது. அந்த வாரங்களில் ஒன்றில் கால் நீட்ட இடமில்லாத இருக்கையில் பல மணி நேரம் உட்கார்ந்து வருவது என்றால் யோசித்துப் பாருங்கள், அதுவும் வயிற்றில் தையல் இருப்பவர் எழுந்து நடக்கவும் கூசுவார். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், உடம்புக்குள் எங்காவது காற்று சிக்கியிருந்தால் அது விரியும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், மார்பக சர்ஜரிக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனுக்கும் பிறகு 5 முதல் 7 நாள், முகம், மூக்கு, இமை சர்ஜரிகளுக்குப் பிறகு 7 முதல் 10 நாள் விமானம் ஏறாமல் இருக்கச் சொல்கிறது. அமெரிக்க மையம் நெஞ்சு, வயிறு என்றால் குறைந்தது 10 நாள் என்கிறது. எல்லாம் சரியாகப் போனால் காத்திருக்க வேண்டிய நாட்கள் இவை. ஒரு தையல் பிரிந்தாலோ நீர் கோத்துக்கொண்டாலோ கணக்கு அதோடு போச்சு, டிக்கெட்டை மாற்ற வேண்டும், ஹோட்டலை நீட்டிக்க வேண்டும், விசா முடியாமல் இருக்க வேண்டும். வயிற்றுத் தோலை இழுத்துத் தைக்கும் டம்மி டக் மாதிரி சர்ஜரியில் நீர் வடிய வைக்கும் குழாய் சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட இருக்கும், எட்டாம் நாள் டிக்கெட் போட்ட ஏஜென்ட்டுக்கு அது தெரியாதா என்ன.

இனி வருவது எனக்கு இன்னும் அதிகமாக பயம் தரும் பகுதி, மெதுவாக வரும் தொற்று.

காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சில தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கின்றன. கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காமல் வெறும் குழாய்த் தண்ணீர் பட்டுவிட்டால் போதும், லைப்போசக்‌ஷன் குழாயோடு அவை உள்ளே போய்விடும். அவை உடனே காய்ச்சலாக வராது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து தழும்பு பக்கத்தில் சிவந்து ஒரு கட்டி வரும், உடையும், ஆறாது. சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது. வழக்கமான பரிசோதனையில் எளிதாகத் தப்பிவிடும், இந்த வகைக் கிருமியைத் தேடச் சொல்லி டாக்டர் தனியாக எழுதினால்தான் சிக்கும். அப்புறம் பல மாதங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள், மறுபடி மறுபடி வெட்டிச் சுத்தம் செய்வது. டொமினிக்கன் குடியரசில் சர்ஜரி செய்துகொண்டு திரும்பியவர்களிடம் 2003, 2004 வாக்கிலும் மறுபடி 2013, 2014 வாக்கிலும் இது கூட்டமாகவே வந்திருக்கிறது.

2023இல் மெக்சிகோவின் மாட்டமோரோஸ் நகரத்தில் நடந்தது இன்னும் மோசம். லைப்போசக்‌ஷன் போன்றவற்றுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, ஃபியூசேரியம் என்ற பூஞ்சை முதுகுத்தண்டு நீர் வழியாக மூளைச் சவ்வுக்குப் போய்விட்டது. ஊர் திரும்பிப் பல நாள் கழித்துச் சாதாரணத் தலைவலியாகத்தான் தொடங்கியது. 10க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே அந்த மாதங்களில் சர்ஜரி செய்துகொண்ட 200க்கும் மேற்பட்டோரை அமெரிக்க அதிகாரிகள் தேடித் தேடி, தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். இங்கே குற்றம் கொழுப்பை எடுத்த சர்ஜனின் கைத்திறனில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் ஆயிரம் ரிவ்யூ படித்து, முன்பின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து ஆராய்வதெல்லாம் அந்தக் கைத்திறனைத்தான். மயக்க ஊசி எங்கிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று எந்த ரிவ்யூவிலும் இருக்காது.

இதோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, அதுதான் ரகசியம். ரகசியமாகப் போய்வந்தவர் தலைவலிக்கு டாக்டரிடம் போனால் தலைவலி என்று மட்டும்தான் சொல்வார். எங்கே, என்ன சர்ஜரி, என்ன மயக்கம் என்று சொல்லாத வரைக்கும் அந்த டாக்டர் எதைத் தேடுவார்? வீட்டில் சொல்ல வேண்டாம், அலுவலகத்தில் சொல்ல வேண்டாம், மாமியார், நாத்தனார் யாருக்கும் தெரிய வேண்டாம். டாக்டரிடம் மட்டும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், மூன்று மாதம் ஆகியிருந்தாலும். அவர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

யார் கத்தி வைக்கிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். தென் கொரியாவில் 2016இல் தாடை சர்ஜரி செய்துகொண்ட 24 வயது மாணவர் ஒருவர் ரத்தம் போய் நினைவிழந்து சில வாரங்களில் இறந்தார். அவருடைய அம்மா அறுவை அரங்கின் கேமரா பதிவை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான், பொறுப்பேற்ற சர்ஜன் பாதியில் போய்விட்டார், வேறு ஒருவர் தொடர்ந்தார், பல நிமிடங்கள் டாக்டரே இல்லாமல் இருந்தார் என்பதையெல்லாம் கண்டுபிடித்தார். பேய் சர்ஜரி என்று அங்கே இதற்குப் பேர். அந்த அம்மாவின் போராட்டமும் சேர்ந்து 2021இல் சட்டம் வந்தது, 2023 செப்டம்பர் முதல் மயக்கத்தில் செய்யும் சர்ஜரிகளுக்கு அறுவை அரங்கில் கேமரா கட்டாயம். இறந்தவர் உள்ளூர்க்காரர், மொழி தெரிந்தவர், அம்மா அதே நாட்டில் இருந்தார். மொழி தெரியாத ஒரு பயணிக்கு இது நடந்திருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்க யார் இருந்திருப்பார்கள்?

முடி மாற்று சிகிச்சையில் இது இன்னும் வெளிப்படையாகவே நடக்கிறது. டாக்டர் பேரில் விளம்பரம், வேலை முழுவதும் டெக்னீஷியன் கையில். உலக முடி மாற்று சர்ஜன்கள் சங்கமே இதை எதிர்த்து பிரசாரம் நடத்திக்கொண்டிருக்கிறது. பின்தலையில் எடுக்கக்கூடிய முடி ஆயுளுக்கும் ஒரு அளவுதான், அதை ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பிடுங்கிவிட்டால் சரிசெய்ய வரும் அடுத்த டாக்டருக்கு எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. உயிருக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் திருத்த முடியாதது என்ற வகையில் இதுவும் சின்ன விஷயம் இல்லை.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேசிஐ என்ற பன்னாட்டுத் தர அமைப்பு மாதிரியானவர்களின் அங்கீகாரம் மருத்துவமனைக்குத் தருவது, சர்ஜனுக்கு இல்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கும், ஒட்டிய லோகோவை நம்பாமல் அங்கே பாருங்கள். சர்ஜனின் பேரை அந்த நாட்டு மருத்துவப் பதிவேட்டிலும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்திலும் தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும் அன்பான ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு, அவர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு இது கண்டிப்பாகப் பொருந்தும்" என்று சொன்னால் அதற்கு மருத்துவ மதிப்பு கிடையாது.

ஊசிதானே, கத்தியே இல்லையே என்று நினைப்பவர்களுக்கு: 2023இல் துருக்கியில் எடை குறைக்க வயிற்றுக்குள் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 60க்கும் மேற்பட்டோருக்கு, நரம்பைத் தாக்கும் நச்சால் வரும் பாட்டுலிசம் வந்தது. கண் இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமை, தசை பலவீனம், சிலருக்கு மூச்சுத் திணறல். நிறையப் பேர் ஜெர்மனிக்காரர்கள், ஊர் திரும்பிய பிறகுதான் படுத்தார்கள்.

மார்பக இம்ப்ளான்ட் வைப்பவர்கள் கம்பெனி பேர், மாடல், வரிசை எண் உள்ள அட்டையை வாங்காமல் மருத்துவமனையை விட்டு வெளியே வரக்கூடாது. பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது, அது ஐரோப்பியத் தரச் சான்று பெற்ற பொருள்தான், உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களின் உடம்பில் இருந்தது. 2019இல் அலெர்கன் என்ற கம்பெனி தன் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்களை, ஒரு அரிய புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், உலகம் முழுவதிலும் திரும்பப் பெற்றது. இப்படி ஒரு செய்தி வரும்போது உங்களுக்குள் இருப்பது எது என்று தெரிய வேண்டுமே. பத்து வருடம் கழித்து, மூடிப்போன ஒரு வெளிநாட்டு கிளினிக்கிடம் யார் போய்க் கேட்பது.

பணக் கணக்கு. மலிவு என்று சொல்லும்போது எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். உள்ளூர் விலையில் பெரும்பாலும் அடுத்த சில மாத பரிசோதனை, தையல் பிரிப்பது, சின்னத் திருத்தம் எல்லாம் அடக்கம். வெளிநாட்டு விலையில் அவை இல்லை. "திருத்தம் இலவசம்" என்றால் சர்ஜன் கட்டணம் மட்டும் இலவசம், டிக்கெட், ஹோட்டல், விடுப்பு, மயக்க மருந்துச் செலவு உங்களுடையது. பயண இன்ஷூரன்ஸ் பொதுவாகத் திட்டமிட்ட அழகு சர்ஜரியையும் அதனால் வரும் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளாது. உள்ளூர் சர்ஜன்களில் பலர் வேறொருவர் செய்துவிட்டதைத் தொடத் தயங்குவார்கள், காரணம் எளிது, உள்ளே என்ன செய்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வழக்கு என்றால் அந்த நாட்டு நீதிமன்றம், அந்த நாட்டு மொழி. என் கணிப்பில், ஒரு முறை திரும்பப் போகவும், நடுவில் இங்கே ஒரு வாரம் மருத்துவமனையில் படுக்கவும் தேவையான பணத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவருக்கு இந்தப் பயணம் மலிவே இல்லை.

அப்படியானால் யார் போகலாம்? ஒரே ஒரு சர்ஜரி, அதுவும் சிறியது, இமை மாதிரி, மூக்கு மாதிரி. உடல்நலம் நன்றாக இருப்பவர், புகை பிடிக்காதவர் அல்லது சர்ஜன் சொல்லும் வாரங்களுக்கு முன்பே உண்மையாக நிறுத்தியவர். திரும்பும் தேதியை மாற்ற முடிகிற டிக்கெட், இரண்டு மூன்று வாரம் இருக்க முடிகிற விடுப்பு. கூடவே வளர்ந்த ஒருவர், ஊர் சுற்றிப் பார்க்க வருபவர் இல்லை, நள்ளிரவில் மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ஒருங்கிணைப்பாளருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தெரிந்தவர். ஊர் திரும்பினால் பார்ப்பதற்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒரு டாக்டர். இவ்வளவும் இருந்தால் நான் தடுக்க மாட்டேன், விசாரித்துவிட்டுப் போங்கள் என்பேன்.

டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் கிளினிக்குக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். எனக்கு சர்ஜரி செய்யப்போகும் டாக்டரின் முழுப் பேர், பதிவு எண் என்ன, அவர் ஆரம்பம் முதல் முடிவு வரை இருப்பாரா? மயக்க மருந்து கொடுப்பது யார், எந்த வகை மயக்கம்? ஐசியூ அதே கட்டடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்? ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்வீர்கள்? சர்ஜரிக் குறிப்பு நான் படிக்கக்கூடிய மொழியில் கிடைக்குமா? விமானம் ஏறலாம் என்று யார் கையெழுத்துப் போடுவார்? பதில் சர்ஜனிடமிருந்து, கேட்ட கேள்விக்கு வந்தால் மேற்கொண்டு பேசலாம். "கவலையே வேண்டாம் டியர், இந்த வாரம் புக் செய்தால் ஹோட்டல் இலவசம்" என்று வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.